வெள்ளிக்கிழமைக்குள்ளா, வெள்ளிக்கிழமை வரைக்குமா? கும்பகோணத்தில் ஓர் எட்டு வார ஆங்கில வகுப்பு

எட்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை. தொகுதிக்கு இருபது பேர். கட்டணம் 1,800 ரூபாய். 72 பக்கக் கையேடும் அதில் அடக்கம். கும்பகோணம் மகாமகக் குளத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு மாடியில் நடக்கும் இந்த வகுப்பில் கற்றுத்தருவது ஒன்றே ஒன்றுதான்: காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள். ஸ்டில், யெட், ஆல்ரெடி, அகோ, பிஃபோர், சின்ஸ், ஃபார், பை, அன்டில், ஜஸ்ட், ரீசன்ட்லி, லேட்லி, சூன், எர்லி என்று முப்பது சொல் இருக்கும். மேடைப்பேச்சுப் பயிற்சி கிடையாது, நேர்முகத் தேர்வுக்கான ஒப்பனைப் பேச்சும் கிடையாது.

இத்தனை சின்ன வட்டத்துக்கு எட்டு வாரம் வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும். இந்தப் பக்கத்தில் ஆங்கிலம் யாருக்குத் தேவைப்படுகிறது என்று பாருங்கள். சுவாமிமலைச் சிற்பக்கூடத்தில் வெளிநாட்டு ஆர்டருக்குப் பதில் எழுதுகிறவர், திருபுவனம் பட்டுக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவர், பெரிய கோயிலில் சுற்றிக்காட்டுகிறவர், சிங்கப்பூர் வேலைக்குப் போகக் காத்திருக்கும் மன்னார்குடிப் பிள்ளை. இவர்கள் பேச்சில் ஒரு ‘தி’ விட்டுப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. சரக்கு எப்போது கிடைக்கும் என்ற வரியில் ஒரு சொல் மாறினால் நஷ்டம் உண்டு.

கையேட்டின் அமைப்புதான் இதன் பலம். வழக்கமான புத்தகத்தில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே ஒரு தமிழ்ப் பொருள். ஸ்டில் என்றால் இன்னும். யெட் என்றாலும் இன்னும். அகோ என்றால் முன்பு. பிஃபோர் என்றாலும் முன்பு. அதை மனப்பாடம் செய்தவர் பேச வாயெடுக்கும்போது மனம் தமிழில்தான் தொடங்குகிறது. ‘இன்னும்’ என்றதும் இரண்டு ஆங்கிலச் சொல் வந்து நிற்கின்றன. எதை எடுப்பது என்று புத்தகம் சொல்லித்தரவில்லை. இங்கே இடப்பக்கத்தில் தமிழ்ச் சொல் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பாடம்: இன்னும், முன்னாடி, இருந்து, வரை–க்குள், இப்பதான், சீக்கிரம், அப்புறம், எப்பவாவது. நாம் அந்தச் சொல்லை எந்தெந்த விதமாகச் சொல்கிறோம் என்று முதலில் பிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கிளைக்கும் ஓர் ஆங்கிலச் சொல். குறை சொல்லவேண்டிய பக்கங்களும் உண்டு, அவற்றுக்கு வருகிறேன். ஆனால் இந்த வரிசை சரியானது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இப்படித்தான் சொல்லித்தர வேண்டும்.

முதல் வாரத்து ‘இன்னும்’ பாடத்துக்குச் சிலை வார்ப்பு வேலையையே உதாரணமாக எடுத்திருக்கிறார்கள். மெழுகில் உருவம், அதன்மேல் காவிரி வண்டல் பூச்சு, காயவைத்தல், சூடாக்கி மெழுகை வடித்தல், உலோகம் ஊற்றுதல் என்று ஒவ்வொரு கட்டமும் முந்தியதற்காகக் காத்திருக்கும் வேலை அது. “மண்ணு இன்னும் ஈரமா இருக்கு.” முன்பே இருந்த நிலை நீடிக்கிறது, இங்கே ஸ்டில். ‘தி க்ளே இஸ் ஸ்டில் வெட்.’ “இன்னும் வார்ப்பு ஆரம்பிக்கலை.” எதிர்பார்க்கிற செயல் நடக்கவில்லை, இங்கே யெட். ‘வீ ஹேவ் நாட் ஸ்டார்ட்டட் தி காஸ்டிங் யெட்.’ “இன்னும் ரெண்டு நாள் ஆகும்.” இது கூடுதல் அளவைச் சொல்கிறது, ஸ்டில்லும் இல்லை, யெட்டும் இல்லை. ‘இட் வில் டேக் டூ மோர் டேஸ்.’ இந்த மூன்றாவதில்தான் பலர் ‘ஸ்டில் டூ டேஸ் வில் டேக்’ என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.

சொல்லின் இடத்தையும் சேர்த்தே பழக்குகிறார்கள். ஸ்டில் என்பது இஸ், ஆர், வாஸ் ஆகியவற்றுக்குப் பின்னும் மற்ற வினைகளுக்கு முன்னும் உட்காரும். யெட் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில். இதை விதியாக ஒப்பிக்கச் சொல்வதில்லை. சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதி மேசைமேல் அடுக்கச் செய்கிறார்கள். ‘யெட்’ அட்டை நடுவில் போய் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவரே எடுத்துக் கடைசியில் வைத்துவிடுகிறார்.

இதே பாடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, இந்த வகுப்பின் தரத்துக்கு அதுவே சான்று. “லாரி இன்னும் வரலை” என்று வெறும் தகவலாகச் சொன்னால் ‘தி லாரி ஹேஸ் நாட் கம் யெட்’. காலையிலேயே வரவேண்டிய லாரி, சாயங்காலம் நாலு மணி, “இன்னுமா லாரி வரலை!” என்றால் ‘தி லாரி ஸ்டில் ஹேஸ் நாட் கம்’. செய்தி ஒன்றுதான், சொல்கிறவரின் பொறுமை தீர்ந்துவிட்டது. தமிழில் ஓர் ‘ஆ’ செய்கிற வேலையை ஆங்கிலத்தில் ஸ்டில் செய்கிறது. வாடிக்கையாளருக்கு ‘யூ ஸ்டில் ஹேவ் நாட் பெய்ட் தி அட்வான்ஸ்’ என்று எழுதினால் கண்டிப்பது போலிருக்கும். ‘யெட்’ போட்டு எழுதினால் நினைவூட்டல்.

ஆல்ரெடிக்குக் கையேட்டில் ‘ஏற்கெனவே’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அது பாதிதான். எதிர்பார்த்ததைவிட முன்னதாக நடந்துவிட்ட வியப்புக்கும் ஆங்கிலத்தில் ஆல்ரெடிதான் வரும். அதற்கு நம்மிடம் “அதுக்குள்ளேயா” இருக்கிறது. நல்லவேளையாக வகுப்பில் இதை வாய்மொழியாகச் சரிசெய்கிறார்கள். “ஐயா, உங்க லோடு கிளம்பிடுச்சு” என்று ஆசிரியை சொல்ல, அரிசி ஆலைக் கணக்கர் ஒருவர் “அதுக்குள்ளேயா மிஸ்?” என்கிறார். “அதைத்தான் கேக்கணும், கடைசியில போட்டு: ஹேஸ் இட் லெஃப்ட் ஆல்ரெடி?” அடுத்த பதிப்பில் இந்த ஒரு வரியை அச்சிலேயே ஏற்ற வேண்டும்.

இரண்டாம் வாரம் ஒரு கயிறு வருகிறது. அறையின் குறுக்கே கட்டி, துணிக்கிளிப்பில் அட்டைகள் மாட்டுகிறார்கள்: 1934 மேட்டூர் அணை, 2004 சுனாமி, 2016 மகாமகம், 2018 கஜா புயல், கடைசியில் சிவப்பு அட்டையில் ‘இன்று’. சிவப்பு அட்டையில் கைவைத்துப் பின்னோக்கி எண்ணினால் அகோ. வேறெந்த அட்டையில் கைவைத்து எண்ணினாலும் பிஃபோர். மகாமகம் கஜாவுக்கு ஏறத்தாழ மூன்று வருஷம் முன்னாடி. கை கஜாவின்மேல் இருப்பதால் ‘த்ரீ இயர்ஸ் பிஃபோர் கஜா’. மேட்டூர் அணை தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி; கை இன்றின்மேல் இருப்பதால் ‘நைன்ட்டி இயர்ஸ் அகோ’. இருபது பேரும் ஒருமுறையாவது கயிற்றைத் தொட்டுச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் போகிறது, போனாலும் தகும்.

‘பிஃபோர் டூ டேஸ்’ என்று நம் ஊரில் இத்தனை பேர் ஏன் சொல்கிறோம்? கையேடு தரும் காரணம் யோசிக்கத் தக்கது. “ரெண்டு நாளைக்கு முன்னாடி” என்பதில் எண் முதலில் வருகிறது, ‘முன்னாடி’ பிறகு வருகிறது. ‘டூ டேஸ் அகோ’ அச்சாக அதே வரிசை. ஆங்கிலம் என்றாலே தமிழைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்று பள்ளியில் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில் திருப்பத் தேவையில்லாததையும் திருப்பிவிடுகிறோம். இந்த ஓர் இடத்தில் தமிழ் வரிசையை அப்படியே விட்டால் போதும். கூடவே ஓர் எச்சரிக்கை: அகோ வந்தால் சாதாரண இறந்தகாலம்தான். ‘ஹீ ஹேஸ் கம் டூ டேஸ் அகோ’ தவறு. ‘ஹீ கேம் டூ டேஸ் அகோ’ சரி. ‘டூ டேஸ் பேக்’ என்பது பேச்சில் செல்லும், தேர்வுத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் அகோவே நல்லது என்கிறார்கள். நியாயமான தீர்ப்பு.

மூன்றாம் வாரத்தில் சின்ஸ், ஃபார், ஃப்ரம். “2019-லேர்ந்து சிங்கப்பூர்ல வேலை பார்க்கிறான்” என்பதில் வினை நிகழ்காலம். அதை அப்படியே எடுத்துப்போனால் ‘ஹீ இஸ் வொர்க்கிங் ஃப்ரம் 2019’ என்று விழும். ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்கு ‘ஹீ ஹேஸ் பீன் வொர்க்கிங் சின்ஸ் 2019’ என்ற தனி வடிவம் வேண்டும். அடுத்து “ஆறு வருஷமா”. அந்தக் கடைசி ‘ஆ’வைப் பென்சிலால் சுழிக்கச் சொல்கிறார்கள், அது இருந்தால் ஃபார். ‘-லேர்ந்து’ இருந்தால் சின்ஸ். ‘சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்’ என்ற தவறு இந்தப் பென்சில் பழக்கத்தில் ஒரே வாரத்தில் குறைகிறது. செயல் இன்னும் தொடங்கவில்லை என்றாலோ, இரு முனையும் தெரிந்த ஒரு கால அளவு என்றாலோ ஃப்ரம்: ‘ஃப்ரம் ஜூன் 12’, ‘ஃப்ரம் டென் டு ஃபைவ்’. மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12 என்பது இந்த மண்ணில் எல்லார் வாயிலும் இருக்கும் தேதி. உதாரணமாக வைத்ததும் யாரும் மறப்பதில்லை.

நான்காம் வாரத்துக்காகவே கட்டணம் கட்டலாம். சிற்பக்கூடத்து ஆள் எழுத நினைத்தது “வெள்ளிக்கிழமைக்குள்ள சிலை ரெடி”. எழுதியது ‘தி ஸ்டாச்யூ வில் பி ரெடி அன்டில் ஃப்ரைடே’. படிக்கிறவருக்கு அது “வெள்ளிக்கிழமை வரைக்கும் தயாராக இருக்கும், அப்புறம் இருக்காது” என்றுதான் படும். அவசரப்பட்டு வியாழக்கிழமையே வண்டி அனுப்பினாலும் ஆச்சரியமில்லை. பல நாட்டு மாணவர்கள் பை, அன்டில் இரண்டையும் குழப்பிக்கொள்வது அவர்கள் தாய்மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால். தமிழில் அந்தச் சங்கடமே இல்லை. “நடை பன்னிரண்டரை வரைக்கும் திறந்திருக்கும்”, “பன்னிரண்டரைக்குள்ள வந்துடுங்க” என்று சின்னக் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும். “பன்னிரண்டரை வரைக்கும் வந்துடுங்க” என்று எவரும் சொல்வதில்லை. ஆக, வரை என்றால் அன்டில், க்குள் என்றால் பை. கையில் இருந்த சாவியை இத்தனை நாள் பயன்படுத்தாமல் இருந்திருக்கிறோம்.

இதன்மேல் கையேடு மூன்று அடுக்கு கட்டுகிறது, மூன்றும் வேலைக்கு ஆகிறவை. முதலாவது: ‘க்குள்’ ஒரு நாளின்மேலோ மணியின்மேலோ ஒட்டினால் பை, ஒரு கால அளவின்மேல் ஒட்டினால் விதின். வெள்ளிக்கிழமைக்குள், பை ஃப்ரைடே. ரெண்டு நாளைக்குள், விதின் டூ டேஸ். ‘இன் டூ டேஸ்’ என்று எழுதினால் இரண்டு நாள் கழித்து என்று பொருள்படும். இரண்டாவது: ‘பை ஃப்ரைடே’யில் வெள்ளியும் அடங்கும், ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு சரி. பணம் சம்பந்தப்பட்ட கடிதத்தில் தேதியையும் மணியையும் எழுதிவிடுங்கள் என்கிறார்கள். மூன்றாவது: “நாலு மணிக்குத்தான் நடை திறப்பாங்க” என்பதிலுள்ள ‘தான்’. அதற்கு ‘தி டெம்பிள் டஸ் நாட் ஓபன் அன்டில் ஃபோர்’. நாம் உடன்பாட்டில் சொல்வதை அங்கே எதிர்மறையில் சொல்கிறார்கள். மத்தியானம் சாத்திய கதவுக்கு முன் வெளிநாட்டுக்காரர்களோடு நிற்கும் வழிகாட்டிகளுக்கு இந்த ஒரு வாக்கியம் தினமும் தேவைப்படும். டில் என்று எழுதினால் இரண்டு ‘எல்’, அன்டில் என்றால் ஒன்று என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள்.

ஐந்தாம் வாரம் ‘இப்பதான்’. இங்கே வகுப்பு சறுக்குகிறது. ‘நவ் ஒன்லி ஐ கேம்’ தவறு, அந்த ஒன்லி நம் ‘தான்’ என்ற இடைச்சொல்லின் நிழல் என்பதுவரை சரியாகவே சொல்கிறார்கள். அதற்குப் பதில் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் கம்’ என்பதை மட்டும் ஏற்று, ‘ஐ ஜஸ்ட் கேம்’ என்பதற்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுகிறார்கள். அது தவறல்ல. பிரிட்டிஷ் வழக்கில் முதலாவது அதிகம். அமெரிக்க வழக்கில் இரண்டாவது சாதாரணம். அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்யும் பிள்ளைகள் நாள் முழுக்கக் காதில் கேட்பதை இங்கே தவறு என்று கேட்டால், எதை நம்புவது என்று தடுமாறத்தான் செய்வார்கள். இரண்டையும் கொடுத்து, எது எந்த நாட்டு வழக்கு என்று சொல்வதே முறை.

ரீசன்ட்லி, லேட்லி இரண்டுக்கும் ‘சமீபத்தில்’ என்று போட்டிருப்பது அதைவிடப் பெரிய குறை. தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குவோம் என்ற தங்கள் முறையைத் தாங்களே கைவிட்ட பக்கம் இது. “சமீபத்தில் ஒரு மோட்டார் வாங்கினேன்” என்று ஒருமுறை நடந்து முடிந்ததற்கு ரீசன்ட்லி. “கொஞ்ச நாளா கரண்ட் அடிக்கடி போகுது” என்று தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ நடப்பதற்கு லேட்லி. ‘கொஞ்ச நாளா’ என்று தனி வரி போட்டிருந்தால் குழப்பமே வராது. லேட்லிக்கும் லேட்டுக்கும் இன்று பொருளில் உறவில்லை என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். தாமதமாக வந்ததற்கு ‘ஐ கேம் லேட்லி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு.

‘சீக்கிரம்’ பாடம் சுருக்கம், சுவையும் அதில்தான். “முகூர்த்தம் ஆறு மணிக்கு, சீக்கிரம் வந்துடுங்க” என்றால் எர்லி. “சீக்கிரமே கல்யாணச் சாப்பாடு போடுறேன்” என்றால் சூன். “சீக்கிரம் சாப்பிடு, பஸ் வந்துடும்” என்றால் குவிக்லி. குறித்த நேரத்துக்கு முன், இனி கொஞ்ச காலத்தில், வேகமாக. ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார்கள், அதற்குமேல் தேவையுமில்லை.

ஏழாம் வாரத்தில், ஆஃப்டருக்குப் பின்னால் ஒரு பெயர் வேண்டும், லேட்டர் தனியே நிற்கும் என்ற பிரிவை அழுத்திச் சொல்கிறார்கள். “நடவுக்கு அப்புறம்” ஆஃப்டர். “அப்புறம் பார்க்கலாம்” லேட்டர். எட்டாவதில் ‘எவர்’, ‘சம்டைம்ஸ்’, ‘சம்டைம்’ என்ற மூன்று ஆங்கிலச் சொல்லையும் ஒரே நாளில் திணித்திருப்பதால் கடைசி அரை மணி ஓட்டமாகிவிடுகிறது. கேள்வியில் வரும் ‘எப்பவாவது’க்கு ‘எவர்’, சொல்லும் வாக்கியத்தில் வருவதற்கு ‘சம்டைம்ஸ்’ என்ற அளவோடு நிறுத்தி, சேர்த்து எழுதும் சம்டைமையும் பிரித்து எழுதும் சம் டைமையும் வீட்டுப்பாடமாக விட்டிருக்கலாம்.

‘இனிமேல்’ என்ற சொல்லுக்குப் பக்கமே இல்லை. நம் ஊர்க் கடிதங்களில் ‘ஹியர்ஆஃப்டர்’ நிறைந்து கிடக்கிறது. அது பத்திரத்திலும் ஒப்பந்தத்திலும் வாழும் சொல். பேச்சுக்கு ‘ஃப்ரம் நவ் ஆன்’, எதிர்மறையில் ‘எனி மோர்’. இதற்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும்.

அச்சில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருப்பது நல்ல உதவி. ஆனால் பாதிப் பக்கங்களில் ஆய்த எழுத்தை விட்டிருக்கிறார்கள். ‘ஃபார்’ சில இடத்தில் ‘பார்’ என்றும், ‘பிஃபோர்’ சில இடத்தில் ‘பிபோர்’ என்றும் வருகிறது. புதிதாகப் படிக்கிறவர் பார்த்தபடியேதான் சொல்வார். கேட்டுப் பழகும் பயிற்சி அறவே இல்லை என்பது இன்னொரு குறை. பேச்சில் ‘யெட்’டும் ‘ஜஸ்ட்’டும் கடைசி ஒலி தேய்ந்து, காதில் விழாமலே போய்விடும். நாலைந்து ஒலிப்பதிவுகள் இருந்தால் போதும், இதைப் பழக்கிவிடலாம்.

வாரந்தோறும் பத்து வாக்கியத்தை வாட்ஸப்பில் குரலாக அனுப்ப வேண்டும். திருத்தம் மறுநாளே வருகிறது, சரி அல்லது தவறு என்ற அளவில். ஏன் தவறு என்று அறிய ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியதுதான். இறுதித் தேர்வு நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. வாக்கியம் எழுதச் சொல்லாமல் இந்தப் பாடத்தைச் சோதிக்க முடியாது.

நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டிலும் எளிய வாக்கியம் அமைக்கத் தெரிந்தவர்களுக்கே இது. ‘ஹேஸ் கம்’, ‘கேம்’ வேறுபாடே தெரியாதவர் மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுவார். அவர் முதலில் பொது வகுப்பு ஒன்றில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவது நல்லது. எட்டு வாரமும் வர முடியாதவர்களை நான்காம் வாரத்துக்கு மட்டும் 250 ரூபாய்க்கு உட்கார விடுகிறார்கள், இடம் இருந்தால். முந்தைய வியாழக்கிழமைக்குள் சொல்லிவைக்க வேண்டும். அன்றைக்கு, தாங்கள் அனுப்பிய பழைய மின்னஞ்சல் ஐந்தை அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். கைபேசியில் காட்டினால் ஏற்பதில்லை. ஒவ்வொரு ‘பை’யையும் ‘அன்டில்’லையும் சிவப்பு மையில் வட்டமிடக் காகிதம் வேண்டும்.